கேப்டன் இறக்க மாட்டார்

இவரைப் பற்றி எழுதப் போகிறேன், பெயர் போடலாமா என்று அவரிடமே போனில் கேட்டேன். "அது வந்துங்க அம்மணி..." என்று ஆரம்பித்தார். காத்திருந்தேன். பின்னால் ஒரு மாடு கத்தியது. "நீங்களே பாத்து..." என்றார். அதோடு சரி. அவர் ஆரம்பித்ததை நம்பி யாரும் எதுவும் செய்ய முடியாது. அதனால் பெயர் போடவில்லை. கேப்டன் என்றே எழுதுகிறேன். இப்போது அவர் கேப்டனும் இல்லை.

எழுதக் காரணம் எங்கள் வாட்ஸ்அப் குழு. கோயம்புத்தூரிலிருந்து ஓடிய ஒரு சின்ன விமானக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் அதில் இருக்கிறோம். அவருடைய மகள் கல்யாணப் படத்தை ஒருவர் போட்டார். உடனே ஆரம்பித்துவிட்டார்கள். தங்கமான மனுஷன். தன் லேண்டிங்கை எல்லாம் நமக்கே கொடுத்த வள்ளல். இந்த மாதிரி கேப்டன் இனிப் பிறக்கப் போவதில்லை. ஜெரால்ட் கும்பிடுகிற கைகளாக வரிசையாகப் போட்டிருந்தான். வள்ளலாம். எழுதிய அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். தெரிந்துகொண்டேதான் எழுதுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுவில் எழுதினால் அழித்துவிடுவார்கள். இங்கே எழுதுகிறேன்.

நான் வெள்ளகோவில்காரி. அப்பாவுக்கு எண்ணெய் மில். வீட்டில் எல்லாரும் டாக்டருக்குப் படி என்றார்கள், நான் பைலட்டுக்குப் படித்தேன். படித்து முடித்ததும் பெரிய கம்பெனி ஒன்றும் கூப்பிடவில்லை. இந்தச் சின்னக் கம்பெனி கூப்பிட்டது. இறக்கைக்கு ஒரு விசிறி சுற்றுகிற நடுத்தர விமானங்கள். சென்னை, பெங்களூர், ஐதராபாத் என்று குட்டிக் குட்டிப் பயணங்கள். எங்கள் ஊரில் அதைக் காத்தாடி பிளேன் என்பார்கள். "பெரிய பிளேன் எப்பங்க ஓட்டுவீங்க?" என்று மில்லுக்குத் தேங்காய்ப் பருப்பு கொண்டுவருகிறவர்கூடக் கேட்பார்.

சின்னக் கம்பெனி என்பது பஸ் ஸ்டாண்ட் மாதிரி. அங்கே குடியிருக்க யாரும் வருவதில்லை. கோ-பைலட்டாகச் சேர்ந்து, பறந்த நேரத்தைச் சேர்த்துக்கொண்டு, பெரிய கம்பெனி கூப்பிட்டதும் ஓடிவிட வேண்டும். அங்கே எல்லாமே சேர்ந்த தேதிதான். ஒரு நாள் முந்திச் சேர்ந்தவன் ஆயுளுக்கும் உனக்கு சீனியர். எந்த ஊரில் வேலை, எப்போது லீவு, எப்போது கேப்டன், எல்லாம் அந்தத் தேதியை வைத்து. அதனால் ஓடுகிறவன் எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறானோ அவ்வளவு நல்லது. இங்கே இடது சீட்டில் கேப்டனாக உட்கார்ந்தவரும் அங்கே போனால் வலது சீட்டில் கோ-பைலட்டாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். அப்படியிருந்தும் எல்லாரும் ஓடினார்கள்.

நம் கேப்டன் ஓடவில்லை. ஓட முயற்சி செய்யாமல் இல்லை. பெரிய கம்பெனிப் பரீட்சையை எழுதுவார். பாஸ் பண்ணுவார். இன்டர்வியூ போவார். அதையும் முடித்துவிட்டு வந்து எல்லாருக்கும் லட்டு கொடுப்பார். சேர வேண்டிய நாளில் கோயம்புத்தூரிலேயே இருப்பார். "ஏனுங்க கேப்டன், போகலீங்களா?" என்று கேட்டால், "போலாமுங்க, தோட்டத்துல கொஞ்சம் வேல" என்பார். இப்படி ஒரு தடவை இல்லை. கெட்டிக்காரர், ஆனால் தோளில் நாலு பட்டையைக் கழற்றிவிட்டுக் கோ-பைலட்டின் மூன்று பட்டை போட்டுக்கொண்டு சின்னப் பையன்களுக்குப் பக்கத்தில் உட்காரக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவரோடு முதல் தடவை பறந்தபோது எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அதை மறைக்க மாட்டேன். ஆனைமலைப் பக்கத்து ஆள். குரல் எழும்பாது. என்னை மட்டுமில்லை, விமானத்தைக்கூட மரியாதையாகத்தான் பேசுவார். "சித்தெ பொறுங்க, இவங்க மூக்க இறக்கட்டும்." சென்னையிலிருந்து அவர்தான் கிளப்பினார். அவ்வளவு சுத்தமாகக் கிளப்பியதை நான் பார்த்ததில்லை. மேகத்துக்குள் போனோம், வந்தோம், ஒரு குலுக்கல் இல்லை. கோயம்புத்தூர் ஓடுபாதை எதிரே நேராகத் தெரிந்தது. வேகம், உயரம், எல்லாம் கச்சிதம். இனி வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது என் பக்கம் திரும்பினார்.

"நீங்களே எறக்கிப்போடுங்க அம்மணி. யூ ஹேவ் கண்ட்ரோல்."

இந்த வார்த்தையை விளக்க வேண்டும். ஒரு பைலட் இன்னொரு பைலட்டிடம் விமானத்தை ஒப்படைக்கும்போது "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பிடித்திருக்கிறார் என்று இவரும், இவர் பிடித்திருக்கிறார் என்று அவரும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். படிப்பின் முதல் வாரத்திலேயே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வார்த்தை காதில் விழுந்தால் பதில் தானாக வாயில் வந்துவிடும். பீளமேட்டு மெஸ்ஸில் ஜெரால்ட் சாம்பார் வாளியை நீட்டி "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்பான். கேப்டன் வாய் நிறையச் சோற்றோடு "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்பார். சொல்லிவிட்டுத்தான் முழுங்குவார். பரிமாறுகிற அண்ணன் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

அன்றைக்கு நான் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லி இறக்கினேன். சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கமாகக் கேப்டன்கள் ஒரு பயணம் தனக்கு, ஒரு பயணம் கோ-பைலட்டுக்கு என்று வைத்துக்கொள்வார்கள். சிலர் அதையும் தர மாட்டார்கள். இவர் எல்லாவற்றையும் தந்தார். போகும்போதும் நான்தான் இறக்கினேன், வரும்போதும் நான்தான் இறக்கினேன். யாரோடு பறக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டால் எல்லா கோ-பைலட்டுகளும் இவர் பெயரைத்தான் சொன்னார்கள்.

அப்புறம் வெளியே கவனிக்க ஆரம்பித்தேன்.

பீளமேட்டில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார். அவிநாசி ரோட்டு நெரிசலில் காரை வெண்ணெய் மாதிரி ஓட்டுவார். வீட்டு வாசல் வந்ததும் நிறுத்தி இறங்கிவிடுவார். தூண்களுக்கு நடுவில் கொண்டுபோய் விடுவது வாட்ச்மேன் வேலை. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தால் கார் ரோட்டிலேயே நிற்கும். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க கேப்டன், அத்தாம் பெரிய பிளேன ஓட்டறீங்க, இத்துனூண்டு எடத்துல கார விட மாட்டீங்களா?" என்று கேட்டேன். "அவரு நல்லா உடுவாருங்க" என்றார்.

சென்னையில் நாங்கள் தங்குகிற ஹோட்டலில் ஒரு கேரம் போர்டு இருந்தது. அவர் கை அடிக்க ஆரம்பித்தால் காய் வரிசையாகக் குழிக்குள் போகும். கடைசிக் காய் குழி வாயில் நிற்கும்போது ஸ்ட்ரைக்கரை எதிரில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். "நீங்க போடுங்க." கம்பெனி ஆண்டுவிழாவில் அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். ரிப்பனைப் பிடித்துப் பார்த்தார், சரிபார்த்தார், கத்தரிக்கோலைப் பக்கத்திலிருந்த கணக்கர் கையில் கொடுத்தார். கணக்கர் அந்தப் படத்தை இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறாராம்.

சமைப்பார். வெள்ளாட்டுக் கறி அப்படி வைப்பார். உப்பு மட்டும் வேறு ஆள் போட வேண்டும்.

எல்லாரும் இதைப் பணிவு என்றார்கள். நம்ம பக்கத்து மரியாதை என்றார்கள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை. மரியாதைக்காரர் ஒரு தடவையாவது மறந்துபோய்த் தானே செய்துவிடுவார். இவர் மறக்கவே இல்லை.

ஒரு நாள் காலை, காற்றே இல்லாத வானம். ஓடுபாதை எதிரே வந்தது. அவர் திரும்புவதற்குள் நானே சொன்னேன்.

"இன்னைக்கு நீங்க எறக்குங்க கேப்டன்."

"எனக்கு எதுக்குங்க அம்மணி? நான் எத்தனையோ பாத்தாச்சு. வளர்ற புள்ளைங்க நீங்க."

"பரவால்லீங்க. நான் பாக்கறேன்."

அவருக்குத் தும்மல் வந்தது. திடீரென்று. ஒன்றல்ல, தொடர்ந்து. தும்மலுக்கு நடுவில் "யூ ஹேவ்..." என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரே இறக்கினார். சாதாரண லேண்டிங். பயணிகளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் நான் அவர் கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன. முழங்கையிலிருந்து வியர்வை சொட்டி சீட்டில் விழுந்தது. விமானம் ஓடி நின்ற பிறகும் கையை எடுக்க அவருக்கு நேரமானது. தும்மல் நின்றிருந்தது.

லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க அவ்வப்போது சிலவற்றைத் தானே இறக்கியாக வேண்டும். அதை இந்த மாதிரிக் காற்றில்லாத காலைகளில் முடித்துக்கொள்கிறார் என்று அப்போது புரிந்தது. மற்றவை எல்லாம் தானம்.

ஜெரால்டிடம் சொன்னேன். அவன் எனக்கு ஒரு வருஷம் முந்திச் சேர்ந்தவன். கோயம்புத்தூர் சர்ச்சில் பாடுகிறவன், பாவம் புண்ணியம் பார்க்கிறவன் என்று நினைத்துச் சொன்னேன்.

"தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் பிள்ள. இப்ப என்னாங்கற? ஆளு நல்லாத்தான ஓட்டறாரு. பக்கத்துல நாம இருக்கோமில்ல."

"காத்து அடிச்சா நாம எறக்கக் கூடாதே. அப்ப?"

"காத்தடிக்கற மாசம் அவரு லீவு. கெளம்பு. வாய வெச்சுட்டு சும்மா இரு. அவரப் போட்டுக்குடுத்தா உனக்கும் லேண்டிங் போச்சு, எனக்கும் போச்சு."

இதுதான் இவர்களுடைய பாசம். அவர் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பயத்தில் இவர்களுக்கு லாபம் இருந்தது. அதற்கு வள்ளல் என்று பெயர் வைத்தார்கள்.

ஜெரால்ட் சொன்னது சரிதான். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும். ஆடி முடிகிற வரைக்கும் அடிக்கும். கோயம்புத்தூர் ஓடுபாதையில் அது பக்கவாட்டில் வந்து தள்ளும். தள்ளுகிற வேகம் ஓர் அளவைத் தாண்டினால் கோ-பைலட் இறக்கக் கூடாது, கேப்டன்தான் இறக்க வேண்டும் என்பது விதி. அந்த மாதங்களில் நம் கேப்டனுக்கு வீட்டில் நோம்பி விசேஷம் இருக்கும், தோட்டத்தில் போர் போடுவார்கள், மாமியாருக்கு உடம்பு சரியிருக்காது. வருஷாவருஷம் கம்பெனியும் லீவு கொடுத்தது.

நான் அவரிடமே கேட்டேன். சென்னை ஹோட்டலில் டிபன் சாப்பிடும்போது. சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"கேப்டன், உங்களுக்கு எறக்கறதுக்கு பயமுங்களா?"

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

"முந்தி ஒருக்கா மழையில எறக்குனனுங்க அம்மணி. வேற கம்பெனியில இருக்கறப்ப. எல்லாஞ் சரியாத்தான் வந்துச்சு. கடைசீல ஒரு அடி அடிச்சுது பாருங்க. பின்னாடி நின்ன ஹோஸ்டஸ் புள்ளைக்கு..."

"புள்ளைக்கு?"

"சட்னி வாங்கிக்கறீங்களா? தேங்காச் சட்னி நல்லாருக்குங்க."

கதையையும் முடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பெரிய கம்பெனிக்குப் போகாததும் இதனாலதானுங்களா? அங்க ஆளுக்குப் பாதின்னு நீங்களும் எறக்கியே ஆகணும்."

"இந்தத் தடவ போயிருவனுங்க," என்றார். "பொண்ணு பெருசாயிட்டா. ஊட்லயும் கேக்கறாங்க. ஆடி முடிஞ்சதும் சேரச் சொல்லியிருக்காங்க."

எனக்கு இட்லி இறங்கவில்லை. எண்பது பேர் உட்காருகிற காத்தாடி விமானத்தை இறக்கப் பயப்படுகிறவர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆள் ஏறுகிற ஜெட்டுக்குப் போகப் போகிறார். அங்கே ஜெரால்ட் பக்கத்தில் இருக்க மாட்டான். ஒன்று இவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் ஏதாவது ஆகும். அதைத்தான் நான் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அவரோ ஹோட்டல் லிஃப்டில் பட்டனைக்கூட என்னை அமுக்கச் சொன்னார்.

அந்த வருஷம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு பெரிய கம்பெனி புது ஜெட்டுகள் வாங்கியிருந்தது. எங்கள் கேப்டன்கள் கூட்டமாக ஓடிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு லீவு ரத்து. ஆடியில் ஒரு மத்தியானம், சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு, அவரும் நானும்.

சூலூர் பக்கம் வரும்போதே காற்று தள்ள ஆரம்பித்தது. டவரிலிருந்து சொன்ன வேகம் எனக்குரிய அளவைத் தாண்டியிருந்தது. அவருக்குரிய அளவுக்குள் இருந்தது. அவர்தான் இறக்க வேண்டும். அவர் நன்றாகத்தான் கொண்டுவந்தார். காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நண்டு மாதிரி ஓடுபாதையை நோக்கி வந்தோம். எந்தப் பரீட்சகர் பார்த்தாலும் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். தரைக்குக் கொஞ்சம் மேலே வந்ததும், "கோ-அரவுண்ட்" என்றார். விமானம் மறுபடி மேலே ஏறியது.

இறக்காமல் மேலே ஏறுவது தப்பில்லை. அதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் விமானத்தில் ஏறாமல் இருப்பது நல்லது. சரியில்லை என்று பட்டால் ஏறிவிட வேண்டும். ஆனால் அன்றைக்குச் சரியில்லாதது எதுவும் இல்லை. எங்களுக்கு முன்னால் போன விமானம் இறங்கியது. பின்னால் வந்ததும் இறங்கியது. நாங்கள் சுற்றி வந்தோம். மறுபடியும் கச்சிதமாக வந்தார். மறுபடியும் அதே இடத்தில் ஏறினார்.

மேலே போன பிறகு என்னைப் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது.

"அம்மணி, நீங்க வேணா..."

"எனக்கு லிமிட் தாண்டிருச்சுங்க கேப்டன்."

"யாரு பாக்கறாங்க?"

"நான் பாக்கறனுங்க."

திருச்சிக்குத் திருப்பினோம். அங்கே காற்று ஓடுபாதைக்கு நேர் எதிரில் அடித்தது, பக்கவாட்டில் இல்லை. விதிப்படி நான் இறக்கலாம். இறக்கினேன்.

திருச்சியில் விமானத்துக்குள் ஒரே ரகளை. முன் வரிசையில் ஒரு மில்காரர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். "ஏனுங்க, என்ற ஊடே தெரிஞ்சுதுங்க! மொட்டமாடியில காயப்போட்ட வேட்டி தெரிஞ்சுதுங்க! ஒருக்கா இல்ல, ரெண்டு வாட்டி! அங்க உடாம இங்க கொண்டாந்து நிறுத்திப்போட்டீங்களே, நாயமுங்களா?" கேப்டன் வெளியே வந்து கைகூப்பி நின்றார். "மன்னிச்சுக்குங்க. காத்துங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் மில்காரர் உட்கார்ந்துவிட்டார். "செரி உடுங்க, தண்ணியாச்சும் குடுங்க" என்றார்.

காற்று தணிந்ததும் விமானத்தைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. நான் அவரைப் படிக்கட்டுக்குக் கீழே, இறக்கை நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நான் வரலீங்க. உங்ககூட இந்த பிளேன்ல மறுக்கா ஏற மாட்டேன்."

"அம்மணி..."

"சீஃப் பைலட்டுக்கு போன் போடுங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா? நான் சொன்னா அது புகாரு. நீங்க சொன்னா அது நோவு. வைத்தியம் பாப்பாங்க."

"ஆடி முடிஞ்சா பெரிய கம்பெனியில சேரணுமுங்க."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அங்கே பெட்டி ஏற்றுகிற இரண்டு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் குரல் எப்போதும் கொஞ்சம் பெரிசு. கேப்டன் போனை எடுத்தார். போட்டார். தலைமை பைலட்டிடம் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். வணக்கம் சொன்னார். பயணிகள் நலம் என்றார். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்றார். கோயம்புத்தூரில் காற்று எப்படி இருந்தது, எந்த உயரத்தில் மேலே ஏறினோம், எல்லாம் சொன்னார். "அதுல ஒரு விசயமுங்க சார்," என்றார். நிறுத்தினார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீங்க சொல்லிப்போடுங்க அம்மணி."

போனுக்குள் தலைமை பைலட் "ஹலோ? ஹலோ?" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அந்த போனைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. பிடுங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"யூ ஹேவ் கண்ட்ரோல்," என்றேன்.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்," என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அந்த வார்த்தையைச் சொன்னவர் கையை எடுக்க முடியாது. போனைத் திரும்பக் காதில் வைத்தார்.

"சார், என்னால பிளேன எறக்க முடியறதில்லீங்க. இன்னைக்கு மட்டுமில்லீங்க. ரொம்ப நாளா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. இவர் "ஆமாங்க", "ஆமாங்க" என்றார். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல், "தண்ணி இருக்குங்களா?" என்றார்.

வேறு ஆட்கள் வந்து விமானத்தை எடுத்துப்போனார்கள். நாங்கள் காரில் கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம். வழியில் வெள்ளகோவிலில் என் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டார்கள். அப்பா எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு வெளியே வந்து, "கேப்டன், உள்ள வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்றார். "வாரனுங்க, இன்னொரு நாளைக்கு" என்றார். அதுவரை வழியெல்லாம் காரில் அவர் தூங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். அப்படித் தூங்கும் மனிதரை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் பறக்கவில்லை. பெரிய கம்பெனியிலும் சேரவில்லை. வைத்தியம் பார்த்தார், தேறினார், ஆனால் தோட்டத்தோடு இருந்துகொண்டார். தலைமை பைலட் வெளியே எதுவும் சொல்லாதவர். அதனால் கம்பெனிக்குள் பரவியது திருச்சியில் பெட்டி ஏற்றியவர்கள் பார்த்த கதைதான். அந்தப் பொம்பளை கத்தினாள், கேப்டனுக்கு வேலை போயிற்று. நான் போட்டுக்கொடுத்தவள் ஆனேன். மெஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். ஜெரால்ட் சாம்பார் வாளியை எனக்கு நீட்டுவதை விட்டான். என் ஆத்தா வீட்டுச் சனம்கூட "உனக்கு எதுக்கு இந்த வேல?" என்றார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவருடைய பயத்தை ஊருக்குச் சொல்ல வேண்டும். அது அவர் சொல்ல வேண்டியது. அவர் எங்கே சொல்லப் போகிறார்.

பிறகு நானும் பெரிய கம்பெனிக்குப் போனேன். எனக்கு முந்திப் போய்ச் சேர்ந்திருந்த ஜெரால்ட் எனக்கு சீனியர். இப்போது நானும் இடது சீட்டில்தான். ஒரு பயணம் எனக்கு, ஒரு பயணம் பக்கத்தில் இருப்பவருக்கு. தானம் கிடையாது.

இத்தனை வருஷம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையோடு என் அப்பா மில்லுக்கு அவரே வந்தாராம். மாப்பிள்ளை வெள்ளகோவில் பையன். மண்டபம் எங்கள் ஊரில்தான். போனேன். தாரை வார்க்கும்போது பார்த்தேன். செம்பைத் தூக்கினார், சாய்த்தார், தண்ணீர் விழுவதற்கு முன்னால் மச்சினர் கையில் கொடுத்தார். ஜெரால்ட் ஓரமாக நின்று என்னைப் பார்க்காத மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். அங்கே அவரும் அவர் சம்சாரமும் வந்தவர்களை விசாரித்துக்கொண்டு நின்றார்கள். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா கண்ணு அது? உன்ற மேல எத்தன கோவத்துல இருந்தேன் தெரியுமா? என்ற ஊட்டுக்காரரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டவன்னு, ஆனமல மாசாணியாத்தா கோயல்ல உன்ற பேரச் சொல்லி மொளகா அரைச்சேன்."

மாசாணியம்மன் கோயிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அநியாயம் செய்தவரை அம்மன் கேட்கட்டும் என்று அங்கேயே அம்மியில் மிளகாய் அரைத்து, நீதிக்கல்லில் அப்பிவிட்டு வருவார்கள். எங்கள் பக்கத்தில் கோர்ட்டைவிட அதற்குத்தான் பயப்படுவார்கள்.

"நல்லாத்தான் இருக்கேனுங்க அக்கா," என்றேன்.

"அதான் எனக்கும் ரோசன. ஆத்தா கேக்காம உடமாட்டாளேன்னு. பத்திரிக வெக்க உங்க ஊட்டுக்குப் போலாம்னு இவரு சொன்னப்பத்தான் விசயமே வருது. அவரே போன்ல சொன்னாராமா. அதும் பாதிதான் சொன்னாரு. மீதிய நானே கண்டுபுடிச்சேன்."

"மொளகாய நீங்கதான் அப்புனீங்களா?"

"எங்க? அரைச்சதுல எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி. இவரு கையில குடுத்து, போயி அப்பீட்டு வாங்கன்னேன். கூட்டத்துக்குள்ள போனாரு. வந்தாரு. கையி செவந்து கெடந்துச்சு. அப்பிட்டாருன்னு உட்டுட்டேன்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"அப்பலீங்க," என்றார்.

அவர் வழக்கம் எனக்குத் தெரியும். "யாரு கையில குடுத்தீங்க கேப்டன்?" என்று கேட்டேன்.

"யாருகிட்டயும் குடுக்கலீங்க அம்மணி. வெளிய கொழாயில கழுவிப்போட்டேன்."

"முழுசாங்களா?"

"முழுசாங்க," என்றார். "நகக்கண்ணு வரைக்கும்."